சமைக்கும் கையே தேர்ந்தெடுக்கட்டும்
அளவான அடுக்களைக்கான கொள்கைப் பிரகடனம்

நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த தூக்கில் மாமாவின் பெயர், புதுமனை புகுவிழாவுக்கு வந்த குடத்தில் பக்கத்து வீட்டாரின் பெயர், சீராக வந்த அண்டாவில் மணநாளும் ஆண்டும். அந்த அண்டாவைத் தூக்கி, இறக்கி, தேய்த்துக் கழுவும் பெண்ணிடம் "உனக்கு எது வேண்டும்?" என்று எவரும் கேட்டதில்லை. அதனால்தான் பரண் நிறைந்து கிடக்கிறது. அன்றாடச் சமையலோ கைப்பிடி ஆடும் வாணலியிலும் மொண்ணைக் கத்தியிலும் நடக்கிறது.

பாத்திரம் சீர்வரிசையில் வருகிறது. பண்டிகைத் தள்ளுபடியில் வருகிறது. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் திட்டத்தில் வருகிறது. இப்படி வந்து சேர்ந்தவற்றுக்கு நடுவே சமைப்பவர் தன்னைப் பொருத்திக்கொண்டு வாழ்கிறார். இந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

அம்மிக்குத் திரும்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2011இல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, அரைத்தே தேய்ந்த கைகளுக்கு ஓய்வு கிடைத்ததைக் கண்டோம். சரியான ஒரு கருவி ஒரு பெண்ணின் பொழுதையே மீட்டுத் தரும். அதனால்தான் கருவித் தேர்வை அற்பமாகக் கருத மறுக்கிறோம்.

எங்கள் கொள்கைகள்

1. தேர்வு, சமைப்பவரின் உரிமை. அடுக்களைக்கு எது வாங்கினாலும் அதைப் புழங்கப்போகிறவர் கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். குழம்பு நிறைந்திருக்கும்போது இதைத் தூக்க முடியுமா? கைப்பிடி சுடுமா? மூலையில் அழுக்குத் தங்குமா? மணிக்கட்டு வலி உள்ளவருக்கு இரண்டு பக்கமும் பிடியுள்ள பாத்திரமே நல்ல பாத்திரம்.

2. சமையலைப் பார்த்துக் கருவி. ஏழு நாள் எதையெல்லாம் கையில் எடுத்தோம் என்று குறித்துவைத்தால் வீட்டின் தேவை தெரிந்துவிடும். வாரந்தோறும் மாவரைக்கும் வீட்டுக்கு கிரைண்டர் அவசியம். அதன் கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாவதில்லை, உளுந்து பொங்கிவரும். கடையில் மாவு வாங்கும் வீட்டில் அதே கிரைண்டர் இடத்தை அடைக்கும் பாரம்.

3. எதனால் செய்தது என்று அறிந்தே வாங்குவோம். இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் சிறிதளவு இரும்புச்சத்து சேர்கிறது. புளிப்பிருந்தால் கூடுதலாகவே சேர்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரும்புச் சட்டி மருந்துக்கு மாற்றாகாது. ஆனாலும் அன்றாடத் துணை. சமைத்ததை அதிலேயே வைத்திருந்தால் கறுக்கும், இரும்பு வாடை ஏறும். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

புளிக்குழம்புக்கும் மீன்குழம்புக்கும் மண்சட்டியோ மாக்கல்லில் செய்த கல்சட்டியோ பொருந்தும். புளி அவற்றை அரிக்காது. அடுப்பை அணைத்த பிறகும் சூடு நிற்கும். மேற்பூச்சில்லாத அலுமினியத்தில் புளியும் தக்காளியும் கொதித்தால் உலோகம் உணவில் இறங்கும். நான்ஸ்டிக் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெறும் தவாவைப் பெருந்தீயில் விட்டால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்குவோர் அது சுத்த வெள்ளீயம்தானா என்று உறுதிசெய்யாமல் வாங்க வேண்டாம். காரீயம் கலந்திருந்தால் ரசத்தோடு நஞ்சும் இறங்கும். சுத்த வெள்ளீயமும் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால், உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது.

4. பழுதுபார்க்க முடிவதே நமக்குச் சொந்தம். கேஸ்கட், வால்வு, ஜார் பிளேடு, கைப்பிடித் திருகு ஆகியவை நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று கேட்டபின் பணம் கொடுப்போம். சாணை பிடிப்பவரையும், ஈயம் பூசுபவரையும், குக்கர் பழுதுபார்ப்பவரையும் அடுக்களையின் கூட்டாளிகளாக மதிப்போம். அவர்கள் தொழில் அழிந்தால் நம் பாத்திரங்களின் ஆயுளும் குறையும்.

5. அடுக்களை வீட்டில் உள்ள எல்லோருக்கும் உரியது. ஒருவருக்கு மட்டும் பழகிய கருவி அவரை அடுப்படியிலேயே கட்டிப்போடும். மகனும் கணவனும் குக்கர் வைக்கவும், தோசைக்கல்லைப் பழக்கவும், கத்தி தீட்டவும் கற்றாக வேண்டும்.

நால்வர் வாழும் வீட்டுக்கு எது போதும்?

கைக்கு அடங்கும் ஒரு கத்தி, ஒரு மரப்பலகை, பழகியவருக்கு அரிவாள்மனை. மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் நறுக்க வேண்டும், அழுத்தும்போதுதான் வழுக்கி விரலைப் பதம்பார்க்கும். ஆகவே தீட்டுகல் ஒன்றும் வேண்டும். தேங்காய்த் துருவி ஒன்று.

சோற்றுக்கும் பருப்புக்குமாக 5 லிட்டர், 3 லிட்டர் குக்கர்கள் இரண்டு. உள்ளே அழுத்தம் ஏறுவதால் நீரின் கொதிநிலை 100இலிருந்து 120 டிகிரியை ஒட்டி உயர்கிறது. சமையல் சீக்கிரம் முடிவதன் காரணம் அதுவே. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரைத் தொட வேண்டாம். 2021 முதல் அந்த முத்திரை கட்டாயம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்புக்குப் பாதி போதும்.

இரும்பு தோசைக்கல், இரும்பு வாணலி, ஒரு மண்சட்டி அல்லது கல்சட்டி, அடிகனமான எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு, ஒரு பால் பாத்திரம், இட்லிப் பாத்திரம், மிக்ஸி. கூடவே கரண்டி, ஜல்லிக்கரண்டி, தோசைத்திருப்பி, வடிகட்டி, மத்து, இடுக்கி, அஞ்சறைப் பெட்டி. சப்பாத்தி இடும் வீட்டுக்குப் பலகையும் குழவியும். இதற்குமேல் வருவது எதுவானாலும் தன் வேலையைச் சொல்லிவிட்டு உள்ளே வரட்டும்.

எங்கள் கோரிக்கைகள்

பாத்திரம் செய்வோரே, எந்த வகை எஃகு, அடியின் கனம் எவ்வளவு என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். ஒரு மாதிரியைச் சந்தையிலிருந்து நிறுத்தினாலும் அதன் உதிரிப் பாகங்களை நிறுத்தாதீர்கள். கடைக்காரர்களே, பெட்டியைத் திறந்து தூக்கிப் பார்க்க இடம் கொடுங்கள். பெற்றோரே, சீர்ப் பட்டியலை எழுதும் முன் மணமக்கள் இருவரிடமும் கேளுங்கள். அவர்கள் வாழப்போகும் அடுக்களை ஆறடிக்கு எட்டடியாக இருக்கலாம்.

எங்கள் உறுதிமொழி

வாங்கும் முன் ஒரு வாரம் காத்திருப்போம். இரும்பைக் கழுவியதும் துடைத்து, எண்ணெய் தடவி வைப்போம். புதுக் கல்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கியபின் அடுப்பேற்றுவோம். ஓராண்டு தொடாத நல்ல பாத்திரத்தைத் தேவையுள்ள வீட்டுக்குக் கொடுப்போம். கீறிய நான்ஸ்டிக்கை யாருக்கும் கொடுக்க மாட்டோம்.

இந்தப் பிரகடனத்தில் சேர கையெழுத்து வேண்டாம், சந்தா வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருப்பதையெல்லாம் கீழே இறக்குங்கள். வீட்டில் சமைப்பவரை நடுவில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இது உனக்கு வேண்டுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதே முடிவு.