டீக்கடை பெஞ்சில் பாதி இடம்

"பொம்பளைகளுக்கு எதுக்குய்யா இம்புட்டுப் பெரிய போனு? வீட்டுல சோறு பொங்க ஆளில்ல, ரீல்ஸ் பாத்துக்கிட்டுக் கெடக்காளுக." கம்பத்தில் ஒரு டீக்கடையில் காதில் விழுந்தது. சொன்னவர் கையில் இருந்ததும் அதே அளவு போன்தான். அவர் அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் சோறு பொங்க ஆள் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்கள் கூடிப் பேச டீக்கடை உண்டு, சாவடி உண்டு, மரத்தடி உண்டு. பெண்களுக்கு இருந்தது குழாயடி ஒன்றுதான். வீட்டுக்கு வீடு குழாய் வந்ததில் இடுப்பு வலி குறைந்தது, நல்லதுதான். கூடவே பேச்சும் நின்றது. போடியில் பிறந்து கூடலூருக்கு வாக்கப்பட்டவளுக்குத் தாய்வீட்டுச் சேதி திருவிழாவுக்குத் திருவிழாதான். அந்த வெற்றிடத்தில்தான் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்தது.

ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்துக்குப் போய் இருட்டும் நேரம் திரும்புகிறவர்கள். பலருக்கு எழுதத் தெரியாது, குரலில் பேசி அனுப்புவார்கள். "மதினி, எங்களுக்கு இன்னைக்கு இம்புட்டுத்தான் குடுத்தாக. உங்களுக்கு எம்புட்டு?" இந்த ஒரு கேள்விதான் ஆள் கூட்டிப் போகிறவருக்குக் கசக்கிறது. முன்பு அவர் சொன்னதுதான் கூலி. இப்போது பக்கத்துத் தோட்டத்துக் கூலி மதியச் சோற்று நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஒழுக்கத்தின் பேரில் போனைக் குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் நுழைந்தபோது 144 தடை போட்டார்கள். ஜூன் 5 அன்று அதைப் பிடிக்கும் வரை, திராட்சைத் தோட்டத்துப் பெண்களுக்கு 'அந்தப் பக்கம் போகாத' என்ற சேதியைச் சொன்னது ஸ்டேட்டஸ்தான். அந்த நாட்களில் யாரும் அவர்களின் போனைக் கேலி செய்யவில்லை.

2019 ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்கச் சொன்னது. ஆபாசமும் கலாச்சாரச் சீரழிவும்தான் வழக்கின் வாதம். அதே மாதம் 24 அன்று தடை விலகியது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறு காரணம் சொல்லி அதையே தடை செய்தது. களையெடுத்துவிட்டு வரப்பில் நின்று ஆடிய பெண்ணின் பத்து விநாடிச் சந்தோஷம் எந்தக் கலாச்சாரத்தைச் சீரழித்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. கடன் ஆப்பில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். படத்தை வெட்டி ஒட்டி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மிரட்டியவன் போன் அவன் கையிலேயே இருக்கிறது, பிடுங்கப்படுவது அவளுடையது. பண மோசடிக்கு 1930 என்ற எண் இருப்பதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. புத்தி சொல்ல மட்டும் ஊரே வருகிறது.

குழுக்களில் சாதி இல்லையா? இருக்கிறது. தெருவுக்கொரு குழு, தெருவெல்லாம் சாதி. ஆனால் ஒரே ஜீப்பில் இடித்துக்கொண்டு போகிறவர்களின் குழுவில் இரண்டு தெருப் பெண்களும் இருக்கிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் விசாரிக்கிறாள். கோயில் திருவிழாவில்கூட நடக்காத பேச்சு அது.

டீக்கடை அண்ணாச்சிகளுக்கு ஒன்று சொல்வேன். போனை வைக்கச் சொல்வது உங்களுக்கு எளிது. முதலில் அந்த பெஞ்சில் பாதியைக் காலி பண்ணுங்கள். நாங்களும் வந்து உட்கார்ந்து, ஒரு டீயை ஆற அமரக் குடித்துக்கொண்டு கூலியைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குச் சம்மதமா?