இரவு உணவுக்குச் சூப்பு மட்டும் போதுமா?



சில மாதங்களுக்கு முன் இப்பகுதியில் நாம் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொள்வதற்காகவே இம்மாதம் எழுதுகோலை எடுத்திருக்கிறோம். "இரவு உணவு இலேசாக இருக்கட்டும், ஒரு கிண்ணம் சூப்பு போதும்" என்று அன்று எழுதினோம். ஐம்பது வயதைக் கடந்து, நண்பகலில் வயிறார உண்டு, பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்தே பணிபுரியும் நம்மைப் போன்றவர்களை மனத்திற்கொண்டு எழுதியது அது. ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்பதைச் சொல்லத் தவறிவிட்டோம். அத்தவறு எங்கே போய் முடிந்தது என்பதைச் சென்ற மாதம் மண்ணரையில் நேரில் கண்டோம்.

வீடு சந்திப்புக்காக அங்கு சென்றபோது இரவு மணி ஒன்பது இருக்கும். பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்போரை வேறு நேரத்தில் வீட்டில் காண்பது அரிது. லைன் வீடுகள் வரிசையாக நிற்கும் சந்தொன்றில், கணவரை இழந்த ஓர் அம்மையார் தம் மகளோடும் மகனோடும் வாழ்கிறார். செக்கிங் பிரிவில் வேலை. காலை எட்டரைக்கு மேசையருகே நின்றால், ஒன்றரை ஷிப்டு முடிந்து வெளியே வர இரவு எட்டரையாகிறது. முந்திய வாரம் அவர் வேலை செய்யுமிடத்திலேயே மயங்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டுத்தான் அவரைக் காணச் சென்றோம்.

பிள்ளைகள் இருவரும் தட்டில் சோறும் குழம்பும் வைத்து உண்டுகொண்டிருந்தனர். தாயின் கையில் மட்டும் ஒரு டம்ளர் இருந்தது. முருங்கைக் கீரையும் தக்காளியும் மிளகும் போட்டுக் கொதிக்கவைத்த நீர். "நீங்கள் உண்ணவில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"எனக்கு ராத்திரிக்கு இது போதுமுங்க சாமி. அஞ்சரை மணிக்கு டீயும் பன்னும் சாப்புட்டா அப்புறம் பசியே செத்துப்போகுதுங்க. நீங்களே புஸ்தகத்துல எழுதியிருந்தீங்களே, சூப்பே போதும்னு" என்றார்.

மூத்த பெண் தலை நிமிராமலேயே, "மூணு மாசமா அம்மா ராத்திரி சோறே உங்கறதில்லீங்க சாமி. மீந்த சோறு காலைல எங்களுக்கு டிபனுக்கு ஆகும்னு எடுத்து வெச்சுருது" என்றாள்.

மருத்துவர் அவருடைய இரத்தத்தைச் சோதித்திருந்தார். ஈமோகுளோபின் 8 கிராம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையலாகாது. இத்தாயின் பட்டினிக்கு நம் எழுத்தே சாக்காக அமைந்துவிட்டதே என்று அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அதன்பின் இப்பொருள்பற்றிச் சிறிது படித்தோம், விவரமறிந்தோரிடம் கேட்டோம். அறிந்தவற்றை இங்கே உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, சூப்பு வயிற்றை நிறைக்கும் என்பது பொய்யன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்னும் அறிஞரின் குழுவினர் 1999ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கோழிக்கறியும் அரிசியும் கலந்த ஓர் உணவைச் சில பெண்களுக்கு நண்பகல் உணவுக்கு முன் கொடுத்தனர். ஒரு நாள் அதை அப்படியே கொடுத்தனர். மற்றொரு நாள் அதனுடன் ஒரு குவளை நீரையும் பருகக் கொடுத்தனர். பிறிதொரு நாள் அதே நீரை உணவோடு சேர்த்துச் சூப்பாக்கிக் கொடுத்தனர். சூப்பாகப் பருகிய நாளில்தான் பெண்கள் அடுத்த உணவைக் குறைவாக உண்டனர். நீரைத் தனியே பருகினால் பசி அவ்வளவாக அடங்குவதில்லை. உணவோடு கலந்து பருகினால் அடங்குகிறது. உடல் பருத்தவர்களுக்கு இது நற்செய்தி. ஆனால் மெலிந்த உடலுடன் உழைப்பவருக்கு இதுவே கண்ணி. வேண்டிய உணவு கிடைக்குமுன்னரே, "போதும்" என்று வயிறு சொல்லிவிடுகிறது.

வயிறு சொல்வதும் உடல் கேட்பதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, நடுத்தர உழைப்புள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,130 கலோரி ஆற்றல் தேவை. புரதம் ஏறத்தாழ 46 கிராம் தேவை. மூன்று வேளைக்கும் சமமாகப் பகிர்ந்தால் இரவுக்கு 700 கலோரியும் 15 கிராம் புரதமும் வேண்டும். அந்த அம்மையாரின் டம்ளரிலிருந்த ஒரு பிடிக் கீரையும் ஒரு தக்காளியும் 50 கலோரியைத் தாண்டுமா என்பது ஐயமே. முருங்கைக் கீரையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் சத்துகள் அருமையானவை. ஆனால் கீரை துணைநிற்கும். சோற்றின் வேலையை அது செய்யாது.

இந்த மயக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. 1790ஆம் ஆண்டு செர்மனி நாட்டு மியூனிக் நகரில் ரம்ஃபோர்டு பிரபு என்பவர் ஏழைகளுக்காக ஒரு தொழிற்கூடம் திறந்தார். அங்கே ஏழை மக்கள் படைவீரருக்கான ஆடைகளுக்கு நூல் நூற்றும் துணி நெய்தும் தைத்தும் வாழ்ந்தனர்; நம் திருப்பூரைப்போல அதுவும் துணியால் பிழைத்த கூட்டமே. பார்லியையும் பட்டாணியையும் நெடுநேரம் வேகவைத்துக் காடியும் உப்பும் சேர்த்து அவர்களுக்குச் சூப்பு வழங்கினார். பார்லியோடு நெடுநேரம் கொதித்தால் நீரே உணவாக மாறிவிடுகிறது என்று அவர் நம்பினார். அது பிழை. கூழ் கெட்டிப்படுவது தானியத்தின் மாவுப்பொருள் நீரை உறிஞ்சுவதால். நீர் எவ்வளவு கொதித்தாலும் நீர்தான். எனினும் அவருடைய சூப்பில் தானியமும் பருப்பும் இருந்தன. உடன் ரொட்டியும் கொடுக்கப்பட்டது. அவருடைய கொள்கை தவறினும் அவருடைய கொப்பரை தவறவில்லை.

"வயிறு அடங்கினால் போதும்" என்ற எண்ணம் நம் நாட்டில் விளைத்த கொடுமையையும் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கோயம்புத்தூர் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதாவது ஏறத்தாழ 450 கிராமும், சிறிது காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாது என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ உடல்கள் எலும்புக்கூடாயின. சும்மா இருப்பவரை உயிரோடு வைக்கும் உணவு வேறு. பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரை நிறுத்தும் உணவு வேறு.

"ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் பலம் வருமே, சாமி?" என்று கேட்போர் பலர். மாலையில் தள்ளுவண்டிக் கடைகளில் அதற்குக் கூட்டம் கூடுகிறது. எலும்பிலிருந்து இறங்கும் பசை புரதமே எனினும் முழுமையற்ற புரதம். உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களில் ஒன்று அதில் அறவே இல்லை. எலும்புப் பசையால் ஏழைகளைப் பேணலாமா என்று ஆராய பிரான்சு நாட்டு அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. அது மட்டும் உயிரைத் தாங்காது என்று அக்குழு 1841இல் அறிக்கை தந்தது. சளிக்கும் களைப்புக்கும் ஆட்டுக்கால் சூப்பு இதமளிக்கலாம். அதுவே இரவு உணவாகிவிடாது.

அப்படியாயின் நீர்மமான உணவே ஆகாதா? ஆகும். நம் கொங்கு நாட்டுப் பாட்டிமார் அதற்கு வழி கண்டு வைத்திருந்தனர். கொள்ளை வேகவைத்து, அந்த நீரை ரசமாக்கினார்கள். வெந்த கொள்ளைக் கடைந்து பருப்பாக்கினார்கள். இரண்டும் ஒரே தட்டில் விழுந்தன. இன்று "கொள்ளு சூப்பு" என்று நீரை மட்டும் பருகிவிட்டுக் கொள்ளை ஒதுக்குகிறோம். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அதில் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட கொள்ளிலேயே தங்கிவிடுகிறது. அவ்வாறே கம்பங்கூழும் வெறும் நீரன்று. கம்பை இடித்து, புளிக்கவைத்து, காய்ச்சி, மோரில் கரைத்த முழு உணவு அது.

எளிய கணக்கொன்று சொல்வோம். 60 கிராம் கம்பில் ஏறத்தாழ 210 கலோரி. 30 கிராம் கொள்ளில் 100 கலோரி. ஒரு பிடி நிலக்கடலையில் 140 கலோரி. ஒரு முட்டையில் 70 கலோரி. கூட்டினால் 520 கலோரியும் 25 கிராம் புரதமும் ஆகின்றன. ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் இரவுத் தேவை ஏறத்தாழ நிறைவெய்திவிடும். சூப்பு விரும்புவோர் அதே சூப்பில் ஒரு பிடி பாசிப்பருப்பையும் ஒரு பிடி அரிசியையும் போட்டுக் குழையவிடலாம். நம் ஊர் அரிசியும் பருப்பும் சோற்றைச் சற்று நீர்க்கச் செய்தாலும் அதுதானே! எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால் கீரையிலும் கொள்ளிலுமுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு ஒட்டித் தேநீர் பருகினால் அதுவே தடைப்படும். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுடையோர் என்று கண்டனர். ஆகவே இதனைச் சிறு குறிப்பென்று எண்ணிவிடாதீர்கள்.

"இதெல்லாம் பணமுள்ளவர்க்கு" என்று யாரேனும் சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் 2011 முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றியே கிடைக்கிறது. அந்த அம்மையார் வீட்டிலும் அரிசிப் பானை காலியாக இல்லை. காலியாக இருந்தவை வேறு. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களில் வலு இல்லை. பருப்புக்கும் முட்டைக்கும் ஒதுக்கிய காசு பள்ளிச் செலவுக்குப் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, "நீயும் உண்" என்று சொல்ல அவ்வீட்டில் யாருமில்லை. பிள்ளைகளின் நண்பகல் உணவுக்கு 1982 முதல் சத்துணவுத் திட்டம் பொறுப்பேற்றிருக்கிறது. தாயின் இரவு உணவுக்குப் பொறுப்பேற்பவர் யார்?

அப்பொறுப்பு குடும்பத்தினுடையது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனும் காலையில் கொள்ளை ஊறப்போடலாம். மாலையில் குக்கரில் வேகவைக்கலாம். தாய் வந்தபின் மூவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணலாம். கணவன்மாரே, உங்கள் மனைவியின் தட்டில் கடைசியில் என்ன மிஞ்சியது என்று ஒரு நாளாவது எட்டிப் பாருங்கள். கம்பெனி நடத்தும் அன்பர்களே, ஒன்றரை ஷிப்டு வேலை வாங்கும் நாளில் டீயோடும் பன்னோடும் கடமை முடிந்ததாகக் கருதாதீர்கள். ஒரு கிண்ணம் சுண்டல் உங்கள் இலாபத்தைத் தின்றுவிடாது.

இரவில் சூப்பு மட்டும் பருகத் தகுந்தவர் உண்டா என்றால், உண்டு. நண்பகலில் மிகுதியாக உண்டவர், காய்ச்சலால் வாய் கசப்பவர், வயது முதிர்ந்து ஓய்விலிருப்பவர் ஆகியோருக்கு ஓரிரு இரவுகள் அது பொருந்தும். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் இரவு உணவைக் குறைத்தலாகாது. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து ஆபத்து நேரலாம். கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும், வளரும் பிள்ளைகளும், நின்று உழைப்போரும் இதனை ஒருபோதும் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டாம்.

தொடக்க நூலில் வரும் ஏசாவின் கதையை நாம் அறிவோம். காட்டிலிருந்து களைத்து வந்தவன் ஒரு கிண்ணம் கூழுக்காகத் தன் தலைமகன் உரிமையையே விற்றுவிட்டான். அவனைப் பெருந்தீனிக்காரன் என்று பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். மண்ணரையிலிருந்து திரும்பிய இரவில் அப்பகுதியை மீண்டும் வாசித்தோம். களைத்தவனுக்கு நாளையைப் பற்றிய கணக்கு நினைவில் நிற்பதில்லை என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. இத்தாயும் அப்படித்தான் தம் நாளைய நலத்தை ஒரு டம்ளர் சூப்புக்கு விற்றுக்கொண்டிருந்தார். மற்றொன்றும் கண்ணில் பட்டது. அண்ணனை ஏமாற்றிய யாக்கோபுகூட வெறுங்கூழைக் கொடுக்கவில்லை. பயற்றங்கூழோடு அப்பமும் கொடுத்தான்.

சென்ற ஞாயிறு அந்த அம்மையாரைக் கோயில் வாசலில் கண்டோம். இரும்புச் சத்து மாத்திரைகளை ஒழுங்காக எடுத்து வருகிறாராம். "இப்ப மகதானுங்க சாமி கொள்ளு வேகவெச்சு வெக்குது. நான் உங்காட்டி அவ உங்கமாட்டேங்கறா" என்று சிரித்தார். முகத்தில் இன்னும் வெளிறல் இருக்கிறது, சிரிப்பில் இல்லை.

ஆகவே வாசகர்களே, பழைய இதழ் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இவ்வாறு எழுதிக்கொள்ளுங்கள்: "உழைப்பவருக்கு இரவில் சூப்பு மட்டும் போதாது, அதில் தானியமும் பருப்பும் இருக்கட்டும், அருகில் உண்பதற்கு ஆள் இருக்கட்டும்."