ஒரு படுக்கையில் தொடங்கி பட்டப்படிப்பு வரை: வேலூர் நர்சிங் கல்லூரி காட்டும் வழி என்ன?

2023-24 மத்திய பட்ஜெட்டில் 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன. 2014-க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்தே இவை அமையும் என்றது அரசு. கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஏன் ஒரே இடத்தில் இருக்கணும்? வேலூர் சிஎம்சி-யின் வரலாற்றில் இதற்குப் பதில் இருக்கிறது.

நர்ஸ் பள்ளிதான் மூத்தது

1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கட்டர். பிரசவத்தில் உயிருக்குப் போராடும் மனைவியைக்கூட ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த குடும்பங்கள் இருந்த காலம் அது. 1902-ல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை வந்தது. சரி, டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு ராத்திரி முழுக்க நோயாளியைக் கவனிப்பது யார்? 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததோ 1918-ல்தான்!

1946-ல் என்ன மாறியது?

அப்போது இந்தியாவில் சுமார் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார் என்றது போர் கமிட்டி அறிக்கை. அதே 1946-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வேலூரில் பி.எஸ்சி நர்சிங் தொடங்கியது. டெல்லியிலும் அதே ஆண்டு தொடங்கியது. நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இவைதான்.

பட்டம் எதற்கு?

டாக்டர் சொன்னதைச் செய்பவர் மட்டுமே நர்ஸ் என்ற நினைப்பு அன்று பரவலாக இருந்தது. வார்டை நிர்வகிக்க, அடுத்த தலைமுறைக்குப் பாடம் நடத்த, பொது சுகாதாரப் பணியை வழிநடத்த நர்ஸ்களிலேயே ஆள் வேண்டும். அதற்கான கதவைத் திறந்தது பட்டப்படிப்பு.

இப்போது என்ன சவால்?

வேலூர் கல்லூரி இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. 1947-ம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் புதிய சட்டமும் நிறைவேறியது.

ஆனால் சட்டமும் கட்டடமும் மட்டும் நர்ஸை உருவாக்கிவிடாது. வேலூரில் முதலில் வந்தது நோயாளியின் படுக்கை, அதன் பக்கத்தில் வளர்ந்ததுதான் கல்லூரி. பாடம் நடத்துபவர்களே வார்டு பொறுப்பிலும் இருப்பது அங்குள்ள வழக்கம். புதிய கல்லூரிகளிலும் வகுப்பில் படித்ததை மாணவர்கள் அன்றைக்கே வார்டில் செய்து பார்க்க முடியுமா, சொல்லித்தர அனுபவமுள்ள ஆசிரியர்கள் இருப்பார்களா? கல்லூரிகளின் எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி இதுதான்.