தலைகீழ் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனுக்கு வழி சொல்வதுதான் அதன் அமைப்பு. திருமுருகாற்றுப்படையை இங்கே ஒதுக்கிவிடலாம். அது கடவுளிடம் ஆற்றுப்படுத்துவது. மற்ற நான்கிலும் நடப்பவன் இல்லாதவன். இருப்பவன் தன் ஊரில் இருக்கிறான். மலைபடுகடாத்தின் 583 அடிகளில் பெருங்கௌசிகனார் நன்னனைப் புகழ்வதோடு நின்றுவிடவில்லை. மலைவழியில் பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனம் காப்பவன் விடும் கவண்கல், பாம்பு கிடக்கும் குழி, வழுக்கும் பாறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரித்துக்கொண்டே போகிறார். அந்தக் கஷ்டங்களை அவர் சாதனையாக்கவில்லை. வழி கடினமானது, பசி அதைவிடக் கடினமானது, ஆகவே போ என்பதுதான் தொனி.

இந்த அமைப்பை நம் காலம் தலைகீழாகத் திருப்பிவிட்டது. இப்போது நடப்பவன் கொடுக்கிறவன். பெறுகிறவன் ஒரு சுவரொட்டியில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறான். ஆபீஸ்கள் நால்வர் நால்வராக அணி சேர்த்து மலைக்கும் காட்டுக்கும் அனுப்புகின்றன. இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம், அதற்காகத் தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை, முடிவில் கழுத்தில் ஒரு மெடல், மார்பில் கம்பெனியின் பெயர். இது தர்மம் என்று சொல்லப்படுகிறது. தர்மமாகவும் இருக்கலாம். அதன் மொழி பொய் என்பது என் கட்சி.

ஒரு இலக்கியப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். வேலை இருக்கிறது. நம்மில் கவிதை எழுதும் சிலர் இந்த நடைகளுக்குப் போய்வருகிறார்கள். போய்வந்து எழுதுகிறார்கள். பாதத்தின் கொப்புளம், இருளில் நெற்றிவிளக்கு, உச்சியில் உதயம், தன் எல்லையைத் தானே கடந்த ஒருவன். அகவயமான அனுபவம் என்று அதற்கு நாமே சான்றிதழும் கொடுத்துவிடுகிறோம். விளம்பரத் துறை தயாரித்துக் கொடுத்த ஒரு பாவனை, புதுக்கவிதையின் வரியமைப்பில் வந்துவிட்டால் அனுபவமாகிவிடுமா? ஜனரஞ்சகக் கதைகளின் செயற்கையான சோகத்தை இத்தனை ஆண்டு கிழித்த நமக்கு, செயற்கையான வலி மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

இந்தப் பழக்கத்தின் பிறப்பைப் பார்ப்பது நல்லது. இன்று பல நாடுகளில் நடக்கும் 'டிரெயில்வாக்கர்' என்ற நடை 1981இல் ஹாங்காங்கில், பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிப்பாய்களுக்கான பயிற்சியாகத் தொடங்கியது. கவர்னர் மக்லஹோஸின் பெயர் தாங்கிய 100 கிலோமீட்டர் மலைப்பாதை. நன்கொடையும் திரட்டினார்கள். 1986இல் ஆக்ஸ்ஃபாம் சேர்ந்துகொண்டு பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. நால்வர் ஓர் அணி, 100 கிலோமீட்டர், 48 மணி நேரம். 2012இல் பெங்களூருக்கு வந்தது. நம் கம்பெனிகள் அணிகளை அனுப்பின. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் சின்னதும் பெரியதுமாக நடைகள், ஓட்டங்கள் முளைத்தன. சிப்பாய்க்கு அந்த நடையில் ஓர் அர்த்தம் இருந்தது. அவன் தொழிலே அது. நாளை அந்தச் சுமையோடு அவன் நடந்தாக வேண்டும். கணினி முன்னால் உட்காருகிறவனுக்கு அந்த அணி, அந்தக் கட்டளை, ஒருவனை விட்டுவிட்டு மற்றவன் போகக்கூடாது என்ற அந்தக் கட்டுப்பாடு எல்லாம் நாடகத்தில் போட்டுக்கொள்ளும் உடுப்பு. திங்கட்கிழமை அதே நால்வரில் ஒருவனை ஆட்குறைப்பில் அனுப்பும்போது, யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற விதி எந்த மேலாளருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஏன் நடக்க வேண்டும்? நேரே பணத்தைக் கொடுத்துவிட்டால் என்ன? இதற்கு உளவியலில் ஒரு பதில் உண்டு. ஒலிவோலா, ஷஃபீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: கொடுப்பதில் வலியும் உழைப்பும் சேர்ந்திருந்தால் மனிதர்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள். விருந்து வைத்துத் திரட்டுவதைவிட ஓடித் திரட்டினால் அதிகம். அதிலும் மனிதத் துயரத்துக்கான நன்கொடை என்றால்தான் இது நன்றாக வேலை செய்கிறது. உல்லாசமான காரியங்களுக்கு அல்ல. ஆக, கொடுப்பவன் கொஞ்சம் வலித்துக்கொண்டால் பெறுகிறவனின் வலிக்கு ஈடு செய்ததுபோல் மனசு சமாதானம் அடைகிறது. அலகு குத்திக்கொள்ளும் பக்தனுக்கு இந்தக் கணக்கு தெரியும். அவன் அதைக் கடன் என்கிறான். நேர்ந்துகொண்டேன், தீர்க்கிறேன் என்கிறான். அவன் காவடிக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாரிடமும் வசூலிப்பதில்லை. நம் ஆபீஸ் பக்தன் வலியை முதலீடாகவும் கடனை விளம்பரமாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

பணம் போய்ச் சேருகிறதே, ஒரு குழந்தைக்குக் கால் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. நான் மறுக்கவில்லை. கால் கிடைத்த குழந்தையின் முன்னால் என் விமர்சனம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழந்தையைக் காட்டி என் வாயை மூடுகிறவன் யார்? கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அது கம்பெனியின் கடமை, கம்பெனியின் பணம். நடைகளில் திரளுவதோ ஊழியனின் மாமா, பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரி நண்பன் ஆகியோரின் பணம். சட்டை மட்டும் கம்பெனியுடையது. இந்தக் குழப்பத்தை மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகமே பார்த்திருக்கிறது. 2014 ஜூன் 18 தேதியிட்ட சுற்றறிக்கையில், மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளுக்கான செலவு இந்தக் கணக்கில் சேராது என்று, விளம்பரங்களோடு ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிட்டது. டெல்லியில் ஏதோ ஒரு மேஜையில் உட்கார்ந்து அதை எழுதிய குமாஸ்தாவுக்கு இருந்த விமர்சனப் பிரக்ஞை நம் கவிஞர்களுக்கு இல்லாமல் போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடையே போலி என்று சொல்ல வரவில்லை. 1951 ஏப்ரலில் வினோபா போச்சம்பள்ளிக்குள் நடந்து போனபோது நிலமில்லாதவர்கள் 80 ஏக்கர் கேட்டார்கள்; ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாக எழுந்து நின்றார். பூதானத்தின் பிற்காலக் குறைகள் தனி விஷயம். அந்த நடை நிலம் வைத்திருந்தவனின் வாசலுக்குப் போயிற்று, வாய்விட்டுக் கேட்டது என்பதே இங்கே பொருட்டு. வினோபாவின் கொப்புளத்துக்காக யாரும் நிலம் எழுதித் தரவில்லை. நம் அணிகள் எந்த வாசலுக்கும் போவதில்லை. ஆள் இல்லாத காட்டுக்குப் போகின்றன. காட்டில் யாரும் எதிரே வந்து நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் வேலை பார்க்கும் வங்கிக்குப் பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு அதன் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் நடந்தே ஏறுவது. திரளும் பணம் செயற்கைக் கை கால்களுக்கு. 'விருப்பமுள்ளவர்கள்' பெயர் தரலாம். அடுத்த வாரம் பெயர் தராத கிளைகளின் பட்டியல் வந்தது. இதைப் பெரிய கொடுமை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கிளை இருப்பது அம்பத்தூரில். 1964இல் வந்த தொழிற்பேட்டையின் ஓரத்தில். தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் பட்டறைகள் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. என் கவுண்டரில் கைரேகைக் கருவியை நகர்த்தி விரலை வையுங்கள் என்றால், எந்த விரலை வைக்கட்டும் சார் என்று கேட்கிறவர்கள் உண்டு. கேலிக்காகக் கேட்பதில்லை. கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ஆள்காட்டி விரல் இருக்காது.

செயற்கைக் கைக்காக ஏலகிரிக்குப் போகிற நாங்கள், கை போகிற இடத்துக்கு மூன்று தெரு நடந்ததில்லை. அங்கே போனால் கேள்விகள் வரும். பிரஸ்ஸின் தடுப்பை யார் கழற்றினார்கள், எத்தனை மணி நேர ஷிப்ட், காண்ட்ராக்ட் ஆளுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தார்களா, விபத்து அறிக்கை அனுப்பினார்களா. அந்தப் பட்டறைக்காரரும் எங்கள் வாடிக்கையாளர்தான். காட்டில் இந்தச் சங்கடம் இல்லை.

அந்தக் கவுண்டரில்தான் நான் ஒருநாள் ஓர் அசல் ஆற்றுப்படை கேட்டேன். விரல் போய் ஊனத் தொகை வாங்குகிற ஒருவர், கட்டோடு வந்த இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் டிஸ்பென்சரிக்குப் போ. கம்பெனிக்காரன் அறிக்கை தர இழுத்தடிப்பான், விடாதே. மெடிக்கல் போர்டு கூப்பிடும்போது கையை நீட்டிக் காட்டு, கூச்சப்படாதே. எந்த ஜன்னல், எந்த நாள், எந்தக் குமாஸ்தா எரிந்து விழுவான் என்பது வரை. பொறி, கவண்கல், பாம்பு, வழுக்குப்பாறை எல்லாம் அதில் இருந்தன. பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்கிறான். நடப்பவன் இல்லாதவன். இரண்டாயிரம் வருஷத்து அமைப்பு உயிரோடு இருக்கிறது; நம் கவிஞர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வடநாட்டுத் தொழிலாளிகள் நடந்தார்கள். சென்னையிலிருந்தும் ஆந்திர எல்லையை நோக்கிக் குழந்தையும் மூட்டையுமாக நடந்தார்கள். நூறு கிலோமீட்டர் அல்ல, ஆயிரத்துக்கும் மேல் போக வேண்டியவர்கள். அவர்களுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாரும் பணம் கட்டவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. தண்ணீரில் நடந்து போய் லேத்தையும் மோட்டாரையும் மீட்க முயன்றவர்களின் சகிப்புத் திறனை யாரும் அளக்கவில்லை, மெடலும் போடவில்லை. இதே சொற்கள்தான்: வலி, எல்லை, தாங்குதல். ஒருவனுக்கு இவை வாரக் கடைசியில் வாடகைக்குக் கிடைக்கும் உடுப்பு, இன்னொருவனுக்குத் தோல். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிற கவிஞன் இரண்டாமவனிடமிருந்து அந்தச் சொல்லைத் திருடுகிறான். திருடிய சொல்லால் எழுதிய கவிதை எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் கவிதை அல்ல.

கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுக்கட்டும், பெயரில்லாமல் கொடுக்கட்டும். நடக்க ஆசையிருப்பவர்கள் நடக்கட்டும். காற்று உடம்புக்கு நல்லது. இரண்டையும் சேர்த்துத் தைத்து அதற்கு அறம் என்று பெயர் போடாமல் இருந்தால் போதும். எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை உச்சியில் உதித்த சூரியனைப் பற்றி எழுத உட்காரும்போது, வழி கேட்டு வந்தவன் யார், வழி சொன்னவன் யார் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் நீங்களே நின்றுகொண்டிருந்தால் பேனாவை மூடிவையுங்கள்.