எதை எண்ணிக்கொண்டிருந்தார்?

நல்ல எழுத்தாளருக்குப் 'புகைப்படக் கருவி போன்ற கண்' என்று புகழ்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இப்புகழ்ச்சியைக் கைவிடலாம் என்பது நம் கருத்து. கண் பெறுவதையெல்லாம் மனம் வைத்துக்கொள்வதில்லை.

1960இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்பெர்லிங் ஓர் ஆய்வை வெளியிட்டார். வரிசைக்கு 4 வீதம் 3 வரிசைகளில் எழுத்துகள் கண்முன் கணநேரம் தோன்றி மறையும். அனைத்தையும் சொல்லச் சொன்னால் நான்கைந்துதான் தேறின. ஆனால், எழுத்துகள் மறைந்த உடனேயே ஓர் ஒலியெழுப்பி, அதன் ஏற்ற இறக்கத்தால் ஒரு வரிசையை மட்டும் சுட்டியபோது, அது எந்த வரிசையானாலும் பெரும்பகுதியைச் சொல்ல முடிந்தது. ஆக, ஏறக்குறைய எல்லாமே ஒரு கணம் உள்ளே இருந்திருக்கின்றன. ஒலி ஒரு நொடி தாமதித்தாலோ அந்த வாய்ப்புப் போய்விட்டது. கவனம் தொட்டவை தங்கின, மற்றவை கரைந்தன.

அப்படித் தங்குமிடத்தைச் செயல்நினைவு என்பர். மிகச் சிறிய இடம் அது. 1997இல் லக், வோகல் இருவரும் வண்ணச் சதுரங்களைக் கொண்டு செய்த ஆய்வில், மூன்று நான்கு பொருள்களே அதில் ஒருசேர நின்றன. வாசலில் நின்று யாரை உள்ளே விடுவதென முடிவு செய்வது கவனம்.

கவனம் யார் சொல் கேட்கிறது? 1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் ஒரு காணொளியைக் காட்டி, ஓர் அணியினர் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்டவர் நடந்து போனார். ஏறத்தாழப் பாதிப்பேர் அவரைக் காணவில்லை. பார்வை கொரில்லாவின் மேலேயே பதிந்தும் காணாதவர்கள் உண்டெனப் பிற்காலக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டின.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல்; நினைத்தலும் அதுவே. எண்ணாதது கண்ணில் பட்டும் மனத்தில் படுவதில்லை.

ஒரு தெருவை நூறு பக்கங்களுக்கு விவரிக்கும் நாவலில், அத்தெருவை நாள்தோறும் கூட்டுபவர் ஒரு வரியிலும் வரவில்லை என்று கொள்வோம். 'அவர் கண்ணில் படவில்லை போலும்' எனக் கடந்துபோவது விமர்சனமாகாது. பட்டிருப்பார். எழுதியவர் அப்போது எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. எல்லாவற்றையும் எழுது என்று எவரையும் கேட்க முடியாது. இருக்கும் நான்கு இடங்களை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கலாம். அவர் இல்லாததைக் கவனியாமல் நாவலை முடித்து வைக்கும் வாசகருக்கும் அக்கேள்வி பொருந்தும்.