மேடையில் நந்தனும் ஔவையும்

நந்தனாரையும் ஔவையாரையும் அறியாத தமிழ்க் குடும்பம் ஏது? ஆயினும், அவ்விருவரையும் நமக்குப் புதிதாய் அறிமுகம் செய்துவைக்கும் நம் காலத்து நாடகங்கள் இரண்டை நேயர்களுக்குச் சிபாரிசு செய்கிறோம்.

இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதிய ‘நந்தன் கதை’யில் நந்தனைத் தீயில் இறக்குவது தெய்வ ஆணையன்று, மேற்குலத்தாரின் சூழ்ச்சி. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளைக் கேட்டு உருகியவர்கள், இங்கே உருகுவதோடு நில்லாமல் வெட்கமும் அடைவார்கள்.

2016-இல் மறைந்த கவிஞர் இன்குலாபின் ‘ஔவை’யில் கோலூன்றிய மூதாட்டியைத் தேட வேண்டாம். அதியமானோடு கள்ளுண்டு, அரசவையில் அஞ்சாது பேசிய சங்ககாலத்து இளம் பாடினியே அங்கே வருகிறாள்.

அரங்கில் காணும் வாய்ப்புக் கிட்டினால் குடும்பத்தோடு செல்லுங்கள். இன்றேல் நூலை வாங்கி வீட்டிலேயே உரக்கப் படியுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். அதற்காகவே இவை எழுதப்பட்டன.