திரையரங்கு வெறுமையாவது ஏன்?

"நம்மவர் சோம்பேறிகளாகிவிட்டனர், அதனாலன்றோ திரையரங்கை மறந்து வீட்டிலேயே படம் பார்க்கின்றனர்" என்று குற்றஞ் சாட்டுவோர் உளர். இக்குற்றச்சாட்டுச் சான்றுகளின் முன் நில்லாது.

யாழ்ப்பாணத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. 1983இன் பின் போரும் ஊரடங்கும் இரவுக் காட்சியை விழுங்கின. 1990இல் மின்சாரமும் அற்றுப்போயிற்று. அப்பொழுதும் மக்கள் படத்தைக் கைவிட்டாரில்லை. டெக்கை வாடகைக்கு எடுத்து, மின்பிறப்பாக்கியை இயக்கி, முற்றத்தில் பாய் விரித்து, அயலவரெல்லாம் கூடிப் பார்த்தனர். அச்சமே அவர்களை வீட்டில் இருத்தியது.

2009இல் போர் ஓய்ந்தது. ஆயினும், விடியற்காலையில் தோட்டத்துக்கு நீர் இறைக்க வேண்டிய கமக்காரர், இரவுக் காட்சி முடிந்தபின் எந்த பஸ்ஸில் ஊர் திரும்புவார்? ஐவர் கொண்ட குடும்பம் அரங்கில் ஐந்து நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வீட்டிலோ ஒரு சந்தா போதும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று அரங்குகளை மூடிற்று. அவ்வாண்டு 'சூரரைப் போற்று' நேரே இணையத்தில் வெளியாயிற்று.

எனவே, வீட்டை நாடுவது குற்றமன்று. நம் கவலை வேறு. அன்று ஒரு முற்றத்தில் ஊர் கூடியது. இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைத்தொலைபேசிகளுக்குள் ஒதுங்குகின்றனர். ஒன்றாயிருந்து சிரிக்கவும் கலங்கவும் மறந்த ஊர், ஒன்றாயிருந்து தன் குறையைப் பேசவும் மறக்கும்.

சனசமூக நிலையங்கள் நம் ஊர்களில் உள. படத்தின் உரிமையாளரிடம் முறைப்படி அனுமதி பெற்று, திங்களுக்கு ஒருமுறை அங்கே படங் காட்டுக. படம் முடிந்தபின் ஊர்க் காரியம் பேசுக. இழந்த முற்றத்தை மீட்பது நம் கடன்.